நிறுத்தக் கூடாத வண்டி

அண்ணிக்குத் தண்ணீரென்றால் பயம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவள் ஏதோ மீன்குஞ்சாகப் பிறந்தவள் போலப் பேசிவிட்டுப் போனார்கள். அவளுக்கு நீந்தத் தெரியும் என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். எங்கள் இறங்குதளத்திலிருந்து பக்கத்துப் படகுத்துறை வரை எப்படியோ போய்ச் சேருவாள். சேர்ந்ததும் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், வெகுநேரம் மூச்சு வாங்குவாள்.

அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அந்தப் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள். என் அண்ணன் பழைய ஜெட் ஸ்கி ஒன்றை வாங்கி, அது ஓடாமல் போய், ஊரில் எல்லாப் பட்டறையும் கைவிரித்த பிறகு அங்கே போயிருக்கிறான். தண்ணீரில் ஓடுகிற வண்டியில் நாங்கள் கை வைப்பதில்லை என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்ததாம்: "எஞ்ஜின் எஞ்ஜின்தானேப்பா. கொண்டு வரச் சொல்லுங்க." வண்டி ஓடியது. கொஞ்ச காலத்தில் கல்யாணமும் நடந்தது.

அண்ணனின் கொட்டகை, ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, கரையோரம் இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, தண்ணீருக்குள் சரிந்து இறங்கும் ஒரு தளம். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பாறைகளை அடுக்கிக் கட்டிய கரைகள் கடலுக்குள் நீண்டு போவது தெரியும். ஒரு கரையின் நுனியில் விளக்குக் கம்பம். கம்பத்துக்கு அப்பால் மணல்திட்டு. அலைகள் அதில் மோதி உடைந்துகொண்டே இருக்கும். கடல் வற்றும் நேரத்தில் ஆறு மொத்தமும் அந்த வழியாக வெளியே இழுத்துக்கொண்டு ஓடும். வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள் கம்பம் வரை போகலாம், தாண்டக் கூடாது. அண்ணியும் அதைத் தாண்டியதில்லை. கம்பத்தைத் தூரத்தில் பார்த்தாலே திரும்பிவிடுவாள்.

நான் அப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். விடுமுறை நாட்களில் கொட்டகைக்குப் போய் வாடிக்கையாளர்களுக்கு உயிர்காப்பு அங்கி மாட்டிவிடுவது என் வேலை. வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் அண்ணி என்னைக் 'காலேஜ்' என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும், "வாங்கம்மா காலேஜ்," என்று மரியாதை கூடும்.

ஜெட் ஸ்கியின் சாவி ஒரு சிவப்புக் கயிற்றில் இருக்கும். கயிற்றின் ஒரு முனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். மறுமுனையில் உள்ள கொக்கி எஞ்ஜின் பொத்தானில் மாட்டியிருக்கும். ஓட்டுகிறவர் விழுந்தால் கொக்கி கழன்று எஞ்ஜின் நின்றுவிடும். ஆனால் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது ஒரு தொல்லை. புதிதாக ஓட்டுகிறவன் நொடிக்கொரு தரம் விழுவான், நொடிக்கொரு தரம் வண்டி நிற்கும். அதனால் கயிறில்லாத இன்னொரு கொக்கியைப் பொத்தானில் நிரந்தரமாகச் செருகி வைத்துவிடுவார்கள். அண்ணனும் அப்படித்தான் வைத்திருந்தான். கல்யாணமான புதிதில் அண்ணி முதல்முறையாக ஏறி, முதல் வளைவிலேயே விழுந்தாள். வண்டி நிற்கவில்லை. ஆளில்லாமல் ஒரு பெரிய வட்டம் போட்டு, அவள் தலையை உரசுகிற மாதிரி வந்து, மறுபடி வட்டம் போடப் போனது.

கரை ஏறிய பிறகு அவள் அழவில்லை. எல்லா வண்டிகளிலிருந்தும் அந்தக் கொக்கிகளைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அதக் குடும்மா. நாளைக்குக் கூட்டம் வரும்," என்றான் அண்ணன்.

"என்னத் தள்ளி விட்டுட்டு வண்டி தனியா ஊர் சுத்துது. அதுக்கு நீங்க வழித்துணை வேற கேக்கறீங்களா?"

கொக்கிகள் திரும்பி வரவே இல்லை.

அதன் பிறகுதான் அவளுக்கு அந்தப் பித்துப் பிடித்தது. பயந்தவளுக்கு வரும் பித்து. எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்று அவள் மனசு ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அங்கியிலும் ஊதல் தைத்தாள். கண்ணாடிகளைப் பெரிதாக மாற்றினாள். கால் வைக்கும் இடத்தில் வழுக்காத ரப்பர், பின்னால் ஏறுவதற்குப் படி, இருக்கைக்கு அடியில் தீயணைக்கும் சிறு உருளை, இழுத்து வருவதற்குக் கயிறு, தண்ணீர் புகாத உறையில் ஒரு வயர்லெஸ். தண்ணீரில் கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று பின்புறம் அம்புக்குறி வரைந்தாள். தப்பான பக்கம் புரட்டினால் எஞ்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும்.

"இது வண்டியா, தனிக்குடித்தனமா?" என்பான் அண்ணன். "அடுப்பு ஒண்ணுதான் பாக்கி. அதையும் வெச்சிரு."

"வெக்கலாம். நீங்க சமைப்பீங்களா?"

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லவன். ஆனால் முன்னால் ஒருவர் போனால் அவனுக்குத் தாங்காது. தெருவில் நடந்து போகும்போதுகூட முன்னே போகிறவரை முந்திவிட்டுத்தான் மூச்சு விடுவான். அவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது, எங்கே போகிறார் என்றும் தெரியாது. தண்ணீரில் கேட்கவே வேண்டாம். அங்கியை மாட்டிக்கொள்வான், பூட்ட மாட்டான். கேட்டால், "பூட்டினா நெஞ்சு அடைக்குது," என்பான்.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அண்ணி ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். கொட்டகை வாசலில் ஒரு மூங்கில் கம்பு, அதில் ஏற்ற ஒரு சிவப்புக் கொடி. கொடி ஏறினால் தண்ணீரில் இருக்கும் எல்லோரும் இருந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும். நாம்தான் அவர்களிடம் போவோம். பயந்தவன் கரையைப் பார்த்துத் தாறுமாறாகப் பாய்வான், அதில்தான் மோதல் வரும் என்பது அவள் வாதம். காலையில் கொட்டகை திறந்ததும் ஒருமுறை கொடி ஏற்றிப் பழகுவோம். அண்ணனும் முணுமுணுத்துக்கொண்டே நிற்பான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வண்டியின் பின்புறம், அடியில், இரண்டு துளைகள் உண்டு. கழுவியபிறகு உள்ளே தேங்கும் தண்ணீர் வடிவதற்கு. திருகு மூடி போட்டிருக்கும். வேலை நடக்கும்போது அண்ணி அந்த மூடிகளைக் கழற்றிவிடுவாள். கழற்றியதற்கு அடையாளமாக இருக்கையைத் தலைகீழாகப் போட்டு வைப்பாள். இருக்கை கவிழ்ந்திருக்கும் வண்டியை யாரும் தொட மாட்டார்கள். பலகையில் எழுதி வைப்பதைவிட இது நல்லது, ஏறி உட்காரவே முடியாதல்லவா என்பாள்.

ஒரு நாள் அவள் நீல வண்டிக்குப் பம்பு ஒன்று பொருத்திக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர் புகுந்தால் தானாக இறைத்து வெளியே தள்ளுகிற சின்னப் பம்பு. அவள் வெகுநாளாக ஆசைப்பட்டு வாங்கியது. வண்டியின் உள்ளே பம்பை வைத்து முடித்துவிட்டாள். கம்பி இணைக்க வேண்டியதுதான் மிச்சம். கம்பிகளை அளவுக்கு நறுக்கி முனைகளைச் சீவுவதற்காக உள்ளே மேஜைக்குப் போனாள். வண்டி வெளியே தள்ளுவண்டியின் மேல், இருக்கை கவிழ்ந்து கிடந்தது.

ஒரு தூறல் போட்டது. இருக்கையின் அடிப்பக்கம் வெறும் பஞ்சு. நனைந்தால் பாழ். அண்ணன் ஓடிப்போய் அதை நேராகத் திருப்பி மாட்டினான். மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது வெயில் அடித்தது. வாசலில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார். பல் டாக்டர். கம்பத்தருகே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம், நீந்தத் தெரியாது, அதனால் யாராவது ஓட்ட வேண்டும் என்றார். நான் அங்கி மாட்டிவிட்டேன். இன்னும் இறுக்குங்க, இன்னும் இறுக்குங்க என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணன் நீல வண்டியைப் பார்த்தான். இருக்கை நேராக இருந்தது. அவள் வேலையை முடித்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டான். திருப்பியது தான்தான் என்பது சாப்பாட்டோடு மறந்து போயிருந்தது. வண்டியைச் சரிவில் இறக்கிக் கிளம்பினான். பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது.

"டாக்டர் நல்ல கனம்," என்றான் என்னிடம், மெதுவாக.

நான் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

அண்ணி மேஜையருகே நின்றபடி கையைச் சட்டைப் பைக்குள் விட்டாள். வேறு எதையோ தேடினாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

"காலேஜ், நீல வண்டி எங்க?"

"அண்ணன் எடுத்துட்டுப் போறான். ஒரு பல் டாக்டர் வந்தாரு."

"சீட்டு கவுந்துதானே இருந்துச்சு."

"தூறல்ல நனையுதுன்னு அவன்தான் திருப்பி மாட்டினான், சாப்பிடப் போறதுக்கு முன்னாடி."

அவள் கையை வெளியே எடுத்து விரித்தாள். இரண்டு மூடிகள்.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. வாசலுக்கு ஓடினேன். நீல வண்டி ஆற்றின் நடுவே நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கடல் வற்றும் நேரம். படகுத்துறைக் கட்டைகளைச் சுற்றித் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடியது. நான் கொடிக் கயிற்றில் கை வைத்தேன்.

"தொடாத," என்றாள் அண்ணி பின்னாலிருந்து.

"அண்ணி, அவங்களக் கூப்பிட வேண்டாமா?"

"கொடியப் பாத்தா நின்னுடுவாரு. ஓடற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. வேகமாப் போறப்போ பின்னாடி தண்ணிய வெளிய உறிஞ்சும், உள்ள வராது. நின்னாருன்னா ரெண்டு ஓட்டையும் குடிக்க ஆரம்பிச்சிடும். எஞ்ஜின் முழுகும். அப்புறம் இந்த இழுப்பு அவங்கள அங்க கொண்டுபோய்ப் போடும்."

அங்கே என்று அவள் கை காட்டவில்லை. மணல்திட்டின் மேல் அலை வெள்ளையாக உடைவது இங்கிருந்தே தெரிந்தது.

"வயர்லெஸ்ல சொல்லலாம்."

"அந்தச் சத்தத்துல கேக்குமா? கேக்கறதுக்கு வண்டிய நிறுத்துவாரு."

கொடி, ஊதல், வயர்லெஸ் என்று அவள் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடுகள் எல்லாம் மனுசனை முதலில் நிற்க வைப்பதற்காகச் செய்தவை. ஓடிக்கொண்டே இரு என்று சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. போதாததற்கு, கம்பத்தருகே போனால் போட்டோவுக்காக அவன் நிறுத்தத்தான் போகிறான்.

பக்கத்து டீக்கடைக்காரரிடம் துறைமுக மீட்புப் படகுக்குப் போன் போடச் சொல்லிக் கத்திவிட்டு, அண்ணி பக்கத்தில் நின்ற கறுப்பு வண்டியைத் தண்ணீரில் தள்ளினாள். மூடிகளைத் திரும்பப் பையில் போட்டுப் பையின் பொத்தானை மாட்டினாள். என் அங்கியைத் தானே பூட்டி, இழுத்துப் பார்த்தாள். சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பின்னால் ஏறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வண்டி எகிறிப் பாய்ந்தது.

"கேட்டுக்கோ," என்று முகத்தைத் திருப்பாமல் கத்தினாள். "நாம அவரத் தேடி வர்றோம்னு தெரிஞ்சா என்ன ஏதுன்னு கேக்க நின்னுடுவாரு. அதனால நாம சும்மா சுத்த வந்திருக்கோம். கைய ஆட்டாத. கத்தாத. சிரி."

"சிரிக்க வரல அண்ணி."

"பல்லக் காட்டு, போதும். பாக்கப் போறது பல் டாக்டர்தானே."

அந்த நேரத்தில் அவளுக்கு எப்படி அது வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் பல்லைக் காட்டினேன். உப்புத் தண்ணீர் வாயில் அடித்தது.

கம்பம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நீல வண்டிக்கும் எங்களுக்கும் இடையே இடைவெளி குறைந்தது. அவன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டான் என்பதுதான் அதற்குக் காரணம். வண்டியின் மூக்கு மெல்ல இறங்கியது. டாக்டர் ஒரு கையால் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கழுத்தில் தொங்கிய உறையிலிருந்து போனை உருவிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் வண்டியின் பின்விளிம்பு தண்ணீருக்குள் போயிருந்தது. படி தெரியவில்லை. அண்ணனின் அங்கி பூட்டாமல் காற்றில் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது.

எங்கள் சத்தம் கேட்டு அவன் திரும்பினான். முகம் மலர்ந்தது. கையைத் தூக்கினான். எதற்காக வந்தீர்கள் என்கிற கை.

அண்ணி வேகத்தைக் குறைக்கவில்லை. அவர்களைப் பார்க்கவும் இல்லை. அவர்களுக்கு வெளிப்பக்கமாக, அவர்களுக்கும் அலை உடைகிற இடத்துக்கும் நடுவே, கம்பத்தைத் தாண்டிப் போனாள். அவள் முதுகு மரக்கட்டைபோல இறுகுவது என் கைகளுக்குத் தெரிந்தது. கீழே தண்ணீரின் நிறம் மாறியது. வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து அரைவட்டம் போட்டாள். பின்னால் எழும்பிய தண்ணீர்ச் சுவர் அப்படியே டாக்டர் மேலும் அண்ணன் மேலும் விழுந்தது. கரையைப் பார்த்துத் திரும்பி, அவர்கள் பக்கத்தில் உரசிப் போகும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, இறங்கித் தள்ளணுமா?"

ஏதோ மேட்டில் மூச்சுவாங்கும் கிழட்டு மோட்டார் சைக்கிளைப் பார்த்துக் கேட்கிற மாதிரி கேட்டாள். கேட்டுவிட்டு நிற்காமல் போனாள்.

"திரும்பிப் பாக்காத," என்றாள் என்னிடம்.

நான் பார்க்கவில்லை. அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது அவள் கழுத்து நரம்பு மட்டும். பின்னால் எஞ்ஜின் உறுமும் சத்தம் கேட்டது. சத்தம் ஏறியது, ஆனால் நெருங்கவில்லை.

"வர்றானா அண்ணி?"

"முறுக்கறாரு. வண்டி எழும்ப மாட்டேங்குது. தண்ணி உள்ள போயிடுச்சு." கொஞ்சம் விட்டு, தனக்குத்தானே சொல்வதுபோல, "விட்டுடாதீங்க. முறுக்குங்க. இன்னும் முறுக்குங்க," என்றாள்.

உள்ளே தண்ணீர் ஏறிய வண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கலப்பைபோல உழும். அது எழுந்து தண்ணீரின் மேல் தட்டையாக வந்தால்தான் உள்ளே இருப்பது வெளியேறும். எழுவதற்குள் எஞ்ஜின் முழுகிவிட்டால் அதோடு சரி. அந்தச் சத்தம் ஒருமுறை விக்கியது. எங்கள் வண்டியின் வேகத்தை அண்ணி ஒரு மயிரிழை குறைத்தாள். வெகுதூரம் போய்விட்டால் போட்டியை விட்டுவிடுவான். கிட்டே வந்துவிட்டால் முந்திப்போய், ஜெயித்துவிட்டேன் என்று நின்று காட்டுவான். இரண்டுக்கும் நடுவே அவள் அவனை ஒரு கண்ணாடிக்குள் வைத்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு பின்னாலிருந்த சத்தம் மாறியது. அழுத்தம் விட்டு, மெலிந்து, நீளமாக ஆனது.

"எழுந்துடுச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இருவருக்கும் சேர்த்து ஒரு மூச்சு விட்டாள்.

இறங்குதளம் வரும்போது அவன் எங்களுக்கு இணையாக வந்துவிட்டான். டாக்டர் என்னவோ கத்திக்கொண்டிருந்தார். வழக்கமாக ஆழம் குறையும் இடத்திலேயே எஞ்ஜினை அணைத்து, மிதந்து வந்து இறங்க வேண்டும். அணைக்காமல் கரையில் ஏற்றினால் அடியில் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் சுழலி மணலையும் உறிஞ்சி நாசமாகும். அப்படிச் செய்கிறவனை அண்ணி அன்று முழுக்கத் திட்டித் தீர்ப்பாள். அவளே அன்று நேராக மணலில் ஏற்றினாள். வண்டி கிறீச்சிட்டு ஏறி ஒருக்களித்து நின்றது. பக்கத்தில் நீல வண்டியும் அதேபோல ஏறியது.

அண்ணனும் டாக்டரும் இறங்கினார்கள். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நீல வண்டியின் பின்னாலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டது போல இரண்டு தாரைகள். கொட்டிக்கொண்டே இருந்தது.

"என் போன் போச்சு," என்று டாக்டர் ஆரம்பித்தார். "இதென்ன விளையாட்டு? இதுக்கு யார்..."

அண்ணி மணலில் உட்கார்ந்துவிட்டாள். தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாள். நான் திறந்து, மூடிகளை எடுத்து டாக்டர் முன்னால் நீட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் மூடிகளைப் பார்த்தார், துளைகளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். அதற்குப் பிறகு போனைப் பற்றிப் பேசவில்லை. அங்கியைக் கழற்றாமலே தன் கார் வரை நடந்து போனார். ஓடிப்போய் நான்தான் வாங்கி வந்தேன். மீட்புப் படகு வர வேண்டாம் என்று டீக்கடைக்காரர் மறுபடி போன் போட்டார்.

அண்ணன் குனிந்து ஒரு துளையை விரலால் அடைத்துப் பார்த்தான். பிறகு அண்ணி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மணல்ல ஏத்தினதெல்லாம் கணக்குல வராது," என்றான். "தண்ணில நான்தான் முந்தி வந்தேன்."

அவள் அவன் மார்பில் ஓங்கி அடித்தாள். அடித்த கையை எடுக்காமல், அவன் அங்கியின் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.

மறுவாரமே ஏற்பாடுகள் மாறின. கவிழ்ந்த இருக்கை வழக்கம் ஒழிந்தது. கழற்றிய மூடிகள் அந்தந்த வண்டியின் சாவிக் கயிற்றிலேயே தொங்க வேண்டும். கயிறில்லாமல் வண்டி கிளம்பாது, கயிற்றை எடுத்தால் மூடி கைக்கு வந்துவிடும். மூங்கில் கம்பில் இரண்டாவதாக ஒரு மஞ்சள் கொடி சேர்ந்தது. மஞ்சள் ஏறினால் எதற்காகவும் நிற்காமல் கரைக்கு வா என்று அர்த்தம். காலைப் பயிற்சி இரண்டு மடங்கானது. பக்கத்துத் துறைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் மஞ்சள் துணி வாங்கினார்கள்.

அந்தக் கதையை அண்ணி எல்லோரிடமும் சொல்வாள். சொல்லி முடிக்கும்போது அண்ணனைக் கை காட்டுவாள். "மனுசனுக்குத் தோக்கத் தெரியாது. அதனாலதான் உயிரோட இருக்காரு. நின்னு யோசிக்கிற ஆளா இருந்தா அன்னைக்கே போயிருப்பாரு." கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பான், காதைச் சொறிந்துகொண்டு. எத்தனையோ வருடம் இந்த ஒரு பேச்சிலேயே அவள் அவனைக் கட்டி மேய்த்தாள். அவன் எதற்காவது பிடிவாதம் பிடித்தால் போதும். "என்னங்க, தள்ளணுமா?" என்பாள். வீடே சிரிக்கும்.

அவளைக் கொண்டுபோனது தண்ணீர் இல்லை. ரத்தத்தில் வந்த நோய். அதற்கு எந்தக் கொடியும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும், மழைக்காலத்துக்கு முன் அங்கிகளின் தையலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் கொட்டகைக்குப் போனேன். அவளுடைய மேஜையை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லி அண்ணன் கூப்பிட்டிருந்தான். ஆனால் எதையும் எடுக்க விடவில்லை. ஒரு ஸ்பானரைக் கையில் வைத்து உருட்டியபடி நின்றான். வெளியே ஒருவர் மஞ்சள் கொடியைப் பார்த்து இது எதற்கு என்று கேட்க, வேலையாள் நீல வண்டிக் கதையைத் தனக்குத் தெரிந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்கள் காதில் விழுந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றான் அண்ணன் திடீரென்று.

"என்ன தெரியும்?"

"என்னமோ ஆயிடுச்சுன்னு. ஓட்டை விஷயம் தெரியாது. ஆனா அவ கம்பத்தத் தாண்டிப் போனா பாத்தியா? சும்மா என்னக் கிண்டல் பண்றதுக்கு அவ அங்க போவாளா? கைல உசுரப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. உன் மூஞ்சி வேற, யாரோ பிடிச்சுக் கிள்ளின மாதிரி இளிச்சுக்கிட்டு இருந்துச்சு." ஸ்பானரை மேஜையில் வைத்தான். "அவ நிக்கல. நிக்காமப் போறான்னா நானும் நிக்கக் கூடாதுன்னு அர்த்தம். அதான் முறுக்கினேன். போட்டியாவது மண்ணாவது."

"இத்தனை வருசம் ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"எதுக்கு? அதச் சொல்லிச் சிரிக்கறப்போ அவ எப்படி இருப்பான்னு உனக்குத் தெரியாதா?"

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தேகமாக இருந்தது. செத்துப்போனவளையும் ஒரு எட்டு முந்தப் பார்க்கிறானோ என்று. அவனுடைய முகத்தைப் பார்த்தேன். அதில் அப்படி எதுவும் தெரியவில்லை. வேறு எதுவும்கூடத் தெரியவில்லை. சவரம் செய்யாத, தூங்காத முகம்.

"எனக்குத் தெரியும்கறது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டான்.

அவனுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. கரையேறியதும் அவள் அவன் மார்பில் அடித்ததையும், பிறகு அந்தப் பூட்டுகளைப் பூட்டியதையும் நினைத்துப் பார்த்தேன்.

"தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். அது தண்ணீரில் இறங்கித் தூரமாகப் போகும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சும் கடைசி வரைக்கும் காட்டிக்கல. அப்ப அவதான் ஜெயிச்சா," என்றான்.